எமுலேட்டருக்கு அடுத்தவர் பயாஸ் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வீடியோ கேம்களைக் கணினியில் ஆடுவது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய கேம் கருவியைப் போலவே கணினியை இயங்க வைக்கும் மென்பொருளான எமுலேட்டருக்கு வேண்டிய பயாஸ் கோப்பை இணையத்தில் தேடி இறக்கிக்கொள்ளலாம் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தது. டிவி, வீடியோ கேம் ரிப்பேர் கடை நடத்துகிறவன் நான். இதை அப்படியே விட மனமில்லை.

பயாஸ் என்பது கேம் கருவியின் சிப்பிலேயே பதிந்து வரும் தொடக்க நிரல். அதன் உரிமை கம்பெனியுடையது. கண்ட தளத்திலிருந்து இறக்கினால் அது திருட்டு நகல்தான். சொந்தக் கருவியிலிருந்து நாமே டம்ப் எடுப்பது, அதாவது சிப்பில் உள்ளதை அப்படியே கோப்பாக நகலெடுப்பது, வேறு. முறையாகக் கைவசம் உள்ள நிரலுக்குப் பாதுகாப்பு நகல் எடுக்க 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் தருகிறது. அதை எமுலேட்டரில் ஓட்டலாமா என்பது வக்கீல்கள் பாடு.

டம்ப் எடுப்பது லேசுப்பட்ட வேலையும் அல்ல. 1989-இல் வந்த நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம்பாயின் தொடக்க நிரல் வெறும் 256 பைட். வேலை முடிந்ததும் அது தன்னை மறைத்துக்கொள்ளும். பிறகு கருவியில் செருகும் கேம் கார்ட்ரிட்ஜிலிருந்து அதைப் படிக்க வழியில்லை. 2003-இல் சிப்பைத் திறந்து, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு பிட்டாகப் பார்த்துத்தான் எடுத்தார்கள். அதற்குப் பின் வந்த கேம்பாய் அட்வான்ஸின் 16 கிலோபைட் பயாஸும் வெளியாரைப் படிக்க விடாது. ஆனால் இசைச் சுரத்துக்கு அதிர்வெண் கணக்கிட்டுத் தரும் வசதி ஒன்று அதற்குள் இருக்கிறது. நினைவகத்தின் எந்த முகவரியைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் படித்துவிடும். அந்தச் சந்து வழியாகவே முழு பயாஸையும் உருவிவிட்டார்கள்!

என் மகனின் பழைய நின்டெண்டோ டிஎஸ்ஸில் நம் சொந்த நிரல்களை ஓட்ட உதவும் ஆர்4 கார்டு போட்டு நானே டம்ப் எடுத்தேன். பயாஸ் கோப்புகள் இரண்டு, கூடவே கருவியின் மெனுவும் அமைப்புகளும் அடங்கிய ஃபர்ம்வேர் 256 கிலோபைட்டில். ஃபர்ம்வேரை, கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து அடிவரை போனால் அவன் பெயர், ஓர் எழுத்து ஒரு புள்ளி என்று மாறிமாறி நிற்கிறது. அருகிலேயே பிறந்த மாதமும் நாளும். கொஞ்சம் மேலே, அப்போதைய வீட்டு வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் பச்சையாக. ஃபர்ம்வேரை நண்பனுக்கு அனுப்புகிற பையன் இத்தனையையும் சேர்த்துத்தான் அனுப்புகிறான்.

பயாஸ் இல்லாமலே ஆட வேண்டுமென்றால் கேம்பாய் அட்வான்ஸுக்கான எம்ஜிபிஏ போன்ற எமுலேட்டர்கள் தாங்களே எழுதிய மாற்று நிரலுடன் வருகின்றன. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தென்னூர், திருச்சி.