முதலில் வீட்டுக்குப் போ, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) நடந்தே போய் வருகிறாள். நீ போனில் சொன்னதுதான் இரண்டு நாளாக மனசில் ஓடுகிறது. ஆலயத்து வாலிபர் வகுப்பை உன்னிடம் கொடுத்துவிட்டார்கள், நாலு பேர்தான் வருகிறார்கள், திரையும் புரொஜெக்டரும் வாங்கினால் இன்னும் பேர் வருவார்களா என்று கேட்டாய். வாங்கு, தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் என்னுடைய கதை ஒன்றைக் கேள்.

26 வருஷம் நான் ஞாயிறு பள்ளி நடத்தியிருக்கிறேன். மனப்பாட வசனம், பாட்டு, கிறிஸ்துமஸ் நாடகம், எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நம் தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த சமயம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்த ஒரு பையன், "சார், நாங்க ஜெபம் பண்ணியும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களே, ஏன் சார்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வராமல், அன்றைய வசனத்தை ஒப்பிக்கச் சொன்னேன். எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தான். அடுத்த மாதத்திலிருந்து அவன் வரவில்லை, நானும் தேடிப் போகவில்லை, எந்தத் தாமானுக்கு (குடியிருப்புக்கு)க் குடிபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது, பாப்பா.

மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லி காலத்தில் நடந்த ஒன்று உனக்கு உதவும். 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜெபவீடு கட்டிய கடன் அடையாமல் நின்றது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்து அடைக்கலாம் என்றார் ஒரு கப்பல் கேப்டன். ஏழைகளால் எப்படிக் கொடுக்க முடியும் என்று ஒருவர் கேட்டதும், மிகவும் ஏழைகளாகப் பார்த்து 11 பேரை என்னிடம் விடுங்கள், கொடுக்க முடியாதவர்களுக்கு நானே போட்டுவிடுகிறேன் என்றாராம் அந்தக் கேப்டன். அப்படிக் காசு வாங்க வாராவாரம் வீடு வீடாகப் போனவர்களுக்குத்தான், யார் வீட்டில் சண்டை, யார் குடியில் விழுந்துவிட்டார் என்பதெல்லாம் தெரியவந்தது. காசை விட இப்படி வீட்டுக்குப் போய்வருவதுதான் பெரிது என்று வெஸ்லி கண்டுகொண்டார், பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகள் அப்படித்தான் வேர்பிடித்தன. நாம் இன்று மேடையைச் சரிபண்ணுகிறோம், மைக்கை மாற்றுகிறோம், யார் வீட்டு வாசற்படியையும் மிதிப்பதில்லை.

அப்புறம் வார்த்தைகள். உன் வகுப்புப் பிள்ளைகள் மலாயில் பாடம் நடக்கும் தேசியப் பள்ளியில் படித்தவர்கள், தமிழ் பேசுவார்கள், வேதாகமத்தைக் கையில் கொடுத்தால் திணறுவார்கள். அதற்காக யாரையும் கூனிக்குறுக வைக்காதே, நீ வாசி, அவர்கள் கேட்கட்டும், பெரிய வார்த்தை வந்தால் நின்று விளக்கு. "மீட்பு" என்று நான் எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன், ஒரு பிள்ளைக்காவது புரிந்ததா என்று கேட்டதே இல்லை. உன் பள்ளிச் செலவுக்கு அம்மா தாலிக்கொடியை அடகு வைத்தாளே, ஞாபகம் இருக்கிறதா? எட்டு மாதம் கழித்துப் பணத்தைக் கட்டி மீட்டுக்கொண்டு வந்தோம், அன்றைக்கு அவள் முகத்தை நீயும் பார்த்தாய். அடகுக்கடைப் படி ஏறாத வீடு நம்ம பக்கத்தில் ஏது? மீட்பு என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரியும், நாம்தான் அதை ஆலயத்து வார்த்தையாக்கிப் பூட்டி வைத்துவிட்டோம்.

அவர்கள் கேள்வி கேட்டால் கேட்க விடு. பன்னிரண்டு வயதில் இயேசுவும் தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்டவர்தானே. பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல், அடுத்த வாரம் சேர்ந்து தேடலாம் என்று சொல்.

நாலு பேரில் ஒருத்தி சிங்கப்பூரில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறாள் என்றாயே, அவள் அம்மாவை நீ பார்த்திருக்கிறாயா? இந்தச் சனிக்கிழமை போய் வா. முறுக்கு இரண்டு டின் பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். ஒன்று உனக்கு, இன்னொன்றை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போ, வெறுங்கையோடு போகாதே.

அன்புடன்,
அப்பா
சுங்கை சிப்புட், மலேசியா