கரவனுக்கு உறுதி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் கடற்கரைப் படத்தோடு அரைப்பக்க விளம்பரம் ஒன்று வந்திருந்தது. கடலோரத்தில் உங்கள் சொந்த விடுமுறை வீடு, 34,995 பவுண்ஸ் முதல், ஸ்டாம்ப் டியூட்டி இல்லை, கவுன்சில் வரி இல்லை என்று கொட்டை எழுத்தில். ஸ்டாம்ப் டியூட்டி என்பது வீடு காணி வாங்கும்போது அரசுக்குக் கட்டுவது, கவுன்சில் வரி என்பது வீட்டுக்கு உள்ளூராட்சிக்கு வருடாவருடம் கட்டுவது. அதைப் பார்த்துவிட்டு என் தங்கையின் மகன், எனக்குப் பெறாமகன், சனிக்கிழமையே மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து இரவு பத்து மணிக்கு எனக்குப் போன் எடுக்கிறான். "பெரியம்மா, நீங்கள் முந்தி கரவன் வைச்சிருந்தனீங்கள்தானே, நாளைக்கு 500 பவுண்ஸ் கட்டினால் அந்த இடத்தை எங்களுக்கெண்டு பிடிச்சு வைப்பினமாம், கட்டட்டோ?"

கட்டாதே, முதலில் பேப்பரை வாசி என்றேன். என்ன பேப்பர் என்று கேட்டான். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் 2015ஆம் ஆண்டு கோடையில் கிளாக்டன் கடற்கரைப் பக்கத்தில் ஒரு ஹொலிடே பார்க்கில் 2009இல் செய்த கரவன் ஒன்றை 27,500 பவுண்ஸுக்கு வாங்கினோம். விளம்பரத்தில் விடுமுறை வீடு என்பது இந்தக் கரவனைத்தான், சில்லு வைத்த பெட்டி வீடு, அவற்றை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் வளவுதான் ஹொலிடே பார்க். இரண்டு படுக்கையறை, குசினி, சின்ன ஷவர், வாசலில் மரத்தால் அடித்த டெக்கிங். லண்டன் இல்ஃபோர்டிலிருந்து ஏ12 நெடுஞ்சாலையில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலம். முதல் கோடையில் அந்த டெக்கிங்கில் வைத்து ஒடியல் கூழ் காய்ச்சி, பக்கத்துக் கரவன் வெள்ளைக்காரக் கிழவருக்கும் ஒரு கோப்பை கொடுத்து, அவர் உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னொரு கோப்பை கேட்டதெல்லாம் நடந்தது. படம் எடுத்து யாழ்ப்பாணத்தில் இருந்த மாமிக்கு அனுப்பினோம். மாமி படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "வடிவாயிருக்கு பிள்ளை, உறுதி எழுதியாச்சோ?"

நாங்கள் சிரித்தோம். லண்டனில் அதெல்லாம் வேறு மாதிரி மாமி என்று இவர் விளக்கம் வேறு சொன்னார். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது மாமிதான், ஏனென்றால் எங்களிடம் இருந்தது உறுதி, அதாவது காணிப் பத்திரம், இல்லை, லைசென்ஸ். நாங்கள் வாங்கியது காணியும் இல்லை, வீடும் இல்லை. ஹல் நகரத்துப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் செய்து லொறியில் ஏற்றி வந்த பெட்டி ஒன்றை வாங்கி, அதை இன்னொருவர் நிலத்தில் சில காலம் வைத்திருக்க அனுமதி பெற்றிருக்கிறோம், அவ்வளவுதான். அந்த நிலத்துண்டுக்குத்தான் பிட்ச் என்று பெயர். அதற்கு வருடாவருடம் கட்டுவது பிட்ச் ஃபீஸ், சிலர் சைட் ஃபீஸ் என்பார்கள். ஸ்டாம்ப் டியூட்டி இல்லை என்பதை ஒரு சலுகை மாதிரிப் போடுகிறார்கள், அது சலுகையே இல்லை, நீங்கள் நிலமோ கட்டடமோ வாங்கவில்லை என்பதற்கான சாட்சி அது. நிலப் பதிவுக் கந்தோரில் உங்கள் பெயர் ஏறாது, வங்கி சாதாரண வீட்டுக்கடன் தராது.

எனக்கு இது விளங்கியது ஒரு பந்தால். மூன்றாம் வருடம் என்று நினைக்கிறேன், பேரப்பிள்ளையின் பந்து கரவனுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. சுற்றிவர அடித்திருந்த பிளாஸ்டிக் மறைப்பில் ஒரு பலகையைக் கழற்றிக் குனிந்து பார்த்தால் உள்ளே இரும்புச் சட்டம், அதில் இரண்டு சில்லு, ரயர் வெடித்து உரிந்துபோய்க் கிடக்கிறது. மூன்று வருடமாக அந்தச் சில்லுக்கு மேலே படுத்து எழும்பியிருக்கிறோம். லொட்ஜ் என்று 1,50,000 பவுண்ஸுக்கு விற்கிறார்களே, மரவீடு மாதிரி அகலமாக, அதில் பெரும்பாலானவையும் சட்டத்தின் கண்ணில் கரவன்தான். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரண்டு துண்டுக்கு மேல் போகாமல் அந்த இடத்தில் பொருத்தி, 20 மீற்றர் நீளம், 6.8 மீற்றர் அகலத்துக்குள், தெருவால் கொண்டுபோகக்கூடியதாக இருந்தால் அது கரவன். சோபாவும் சுடுதண்ணீர்த் தொட்டியும் அதை வீடாக்கிவிடாது.

சரி, பெறாமகன் கதைக்கு வருகிறேன். பார்க்கில் கொடுத்த புத்தகத்தை எடுத்துப் போனில் வாசி என்றேன். அவன் முதலில் பெருமையாக வாசித்தது "ரெசிடென்ஷியல் ஸ்பெக்" என்ற சொல். பெரியம்மா, இதில் நிரந்தரமாகவே இருக்கலாமாம், நாங்கள் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடலாமோ என்று யோசிக்கிறோம் என்கிறான். எனக்கு நெஞ்சு திக்கென்றது. ரெசிடென்ஷியல் ஸ்பெக் என்றால் பிஎஸ் 3632 என்ற தரத்தில் செய்தது என்று மட்டும்தான் அர்த்தம். சுவர் தடிப்பு, குளிர் தாங்கும், கண்ணாடி நல்லது. பெட்டி எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும் சொல் அது, அங்கே குடியிருக்கலாமா என்பதைச் சொல்லும் சொல் அல்ல. குடியிருக்கலாமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது பார்க்குக்குக் கிடைத்த திட்ட அனுமதியும், 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் கொடுத்த சைட் லைசென்ஸும். அந்தப் பதிவேட்டைக் கவுன்சிலில் யாரும் கேட்டுப் பார்க்கலாம். விற்கிற பொடியனிடம் கேட்பதைவிட அது நல்லது.

12 மாதமும் திறந்திருக்கும் என்பதும் இதே வகைதான். சில பார்க்குகள் பத்தரை மாதம், சில 11 மாதம், சில வருடம் முழுக்க. முழு வருடமும் திறந்திருந்தாலும் லைசென்ஸில் ஹொலிடே பாவனைக்கு மட்டும் என்று இருந்தால் அதை உங்கள் விலாசமாக வைத்திருக்க முடியாது. வேறு இடத்தில் வீடு இருக்கிறது என்பதற்குக் கவுன்சில் வரி பில்லைக் கொண்டுவா என்று எங்கள் பார்க்கில் வருடாவருடம் கேட்பார்கள். ஆக, கவுன்சில் வரி இல்லை என்பதும் முழு உண்மை இல்லை, இன்னொரு வீட்டுக்கு நீங்கள் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். உண்மையிலேயே குடியிருக்கக்கூடிய பார்க் ஹோம் என்பது வேறு சாதி. அதற்கு 1983ஆம் ஆண்டின் மொபைல் ஹோம்ஸ் சட்டம் துணை நிற்கும், கோர்ட்டுக்குப் போகாமல் உங்களை வெளியேற்ற முடியாது, விற்கும்போது பார்க்காரர் எடுக்கும் கொமிஷன் 10 வீதத்துக்கு மேல் போகமுடியாது. ஹொலிடே பார்க்குக்கு இந்தப் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. இரண்டும் வெளியில் பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும், அதுதான் வில்லங்கம்.

அடுத்து எத்தனை வருட லைசென்ஸ் என்று பார் என்றேன். தேடினான், புத்தகத்தில் இல்லை. எங்களுடையதில் இருந்தது, நாங்கள்தான் பார்க்கவில்லை. 15 வருடம் என்று சொன்னதும் 2030 வரை என்று நாங்களே கணக்குப் போட்டுக்கொண்டோம். பேப்பரில் இருந்தது கரவன் செய்த திகதியிலிருந்து 15 வருடம். அதாவது 2024. வாங்கும்போதே ஆறு வருடம் போய்விட்டது, எங்களுக்கு மிச்சம் இருந்தது ஒன்பது. 2024 பிறந்ததும் கடிதம் வந்தது, ஒன்று புதிதாக வாங்குங்கள், அல்லது எடுத்துக்கொண்டு போங்கள், கழற்றி ஏற்றுவதற்குக் கட்டணம் உண்டு, அல்லது நாங்களே 1,500 பவுண்ஸ் தருகிறோம். கொண்டுபோய் எங்கே வைப்பது, இல்ஃபோர்ட் வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலா? 1,500ஐ வாங்கிக்கொண்டு வந்தோம்.

அந்த ஒன்பது வருடத்தில் சைட் ஃபீஸ் 3,900இல் தொடங்கி 6,200 வரை ஏறியது, கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 45,000 பவுண்ஸ். இவர் ஓய்வுபெற்ற பிறகு பொழுதுபோகாமல் ஒரு கொப்பியில் கணக்குப் போட்டார். நாங்கள் வருடத்துக்கு 25 இரவுகூட அங்கே தங்கியிருக்க மாட்டோம், அப்படிப் பார்த்தால் ஒரு இரவுக்கு 300 பவுண்ஸுக்கு மேல். காஸ் சிலிண்டர், இன்ஷூரன்ஸ் இதில் சேர்க்கவில்லை. அந்தக் கொப்பியை நான் ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஆகவே சைட் ஃபீஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், வற் (மதிப்புக் கூட்டு வரி) சேர்த்தா சேர்க்காமலா, வருடாவருடம் எதை வைத்து ஏற்றுவார்கள், அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். ஹொலிடே பிட்ச் ஃபீஸுக்கு 20 வீத வற் உண்டு. 5,000 என்று சொல்லி பில்லில் 6,000 வருவது இதனால்தான். தண்ணீர், பார்க்குக்கு வருகிற வியாபார வரியில் உங்கள் பங்கு, இதெல்லாம் உள்ளேயா வெளியேயா என்றும் கேளுங்கள். மின்சாரத்தைப் பொறுத்தவரை தான் வாங்கிய விலைக்கு மேல் ஒரு யூனிட்டை உங்களுக்கு விற்கக்கூடாது என்று மின்சார, காஸ் விற்பனையைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம்மின் விதி இருக்கிறது. காஸுக்கு எங்கள் பார்க்கில் 47 கிலோ சிலிண்டரை அவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டிருந்தார்கள், விலை வெளியில் இருந்ததைவிடக் கூட. ட்ரெயின் டவுன் என்று ஒன்று வரும், பயப்பட வேண்டாம், பனிக்காலத்துக்கு முன் குழாய்களில் உள்ள தண்ணீரை முழுக்க வடியவிடுவது. அதைச் செய்யாமல் குழாய் வெடித்தால் இன்ஷூரன்ஸ் கையை விரித்துவிடும்.

விற்கிற கதை தனிக்கதை. கூழ் குடித்த கிழவருக்கு முழங்கால் ஏலாமல் போய் 2019இல் தன் கரவனை விற்றார். வாங்க ஆள் பிடித்தது அவரேதான், தன் மச்சானின் சிநேகிதன். விலை 18,000. பார்க்காரர் அதில் 15 வீதம் கொமிஷன், 2,700, அதற்கு மேல் வற் 540, ஆக 3,240 பவுண்ஸ் எடுத்துக்கொண்டார்கள். என்ன செய்தார்கள் அதற்கு என்று கேட்டேன். வாங்குகிறவரை ஏற்றுக்கொண்டோம் என்று ஒரு கடிதம் அடித்தார்களாம். கிழவர் கோபப்படவில்லை, பேப்பரில் இருக்கிறதே என்றார். அந்த 15 வீதம் இந்தத் தொழிலில் சாதாரணம், ஆனால் சாதாரணம் என்பதால் சின்னத் தொகை ஆகிவிடாது. பிள்ளையின் பெயருக்கு மாற்றுவதென்றாலும் இதே கேள்வியை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

வாடகைக்கு விட்டுத் தவணைக் காசைக் கட்டலாம் என்று பெறாமகனுக்கும் சொல்லியிருக்கிறார்கள். நீயே ஆள் பிடித்து விடலாமா, அல்லது பார்க் மூலம்தான் விட வேண்டுமா, அவர்கள் எத்தனை வீதம் எடுப்பார்கள், ஆகஸ்ட் மாதத்தில் உன் பிள்ளைகள் போவதற்கு ஒரு கிழமை மிஞ்சுமா என்று கேட்டேன். ஆகஸ்டில்தானே வாடகை நல்லாய் வருமாம் என்றான். அப்போ நீ எப்போ போகப்போகிறாய், பெப்ரவரியிலா என்றேன். பின்னால் அவன் மனைவி சிரிப்பது கேட்டது.

தவணை என்பதும் ஹையர் பர்சேஸ் என்றால் கடைசித் தவணை கட்டும்வரை பெட்டி கடன் கொடுத்தவருடையதுதான். பழையதை இன்னொருவரிடம் வாங்கினால் அதில் கடன் மிச்சம் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்க வேண்டும். அப்புறம் இன்னொன்று, பார்க் கந்தோரில் அவர்களுடைய மேசையில் இருந்து கையெழுத்து வைத்தால், இணையத்தில் சாமான் வாங்கினால் கிடைக்கிற 14 நாள் யோசிக்கும் உரிமை தானாக வராது. நாளைக்குள் கட்டுங்கள் என்று அவசரப்படுத்துவது எதற்கு என்று நினைக்கிறீர்கள்?

எங்களை யாரும் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. லைசென்ஸின் 14 பக்கத்தையும் தந்தார்கள், நாங்கள் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தோம், கையெழுத்து அங்கே வைக்க வேண்டும் என்றபடியால். சந்தோஷமாகவும் இருந்தோம், அதையும் சொல்ல வேண்டும். அன்று யாராவது இரவுக்கு 300 பவுண்ஸ் கொடுத்து அந்த டெக்கிங்கில் கூழ் காய்ச்சுவாயா என்று கேட்டிருந்தால் ஒருவேளை ஓம் என்றும் சொல்லியிருப்பேன், ஆனால் அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். உறுதி என்றால் என்ன, குத்தகை என்றால் என்ன, ஒத்தி என்றால் என்ன என்று ஊரில் படிக்காத கிழவிக்கும் தெரியும். இங்கே பிட்ச், லைசென்ஸ், ஓனர் என்று ஆங்கிலத்தில் சொன்னவுடன் நாங்களாகவே அதற்குள் ஒரு வளவையும் கிணற்றையும் வைத்துப் பார்த்துவிடுகிறோம். ஓனர் என்கிறார்கள், உண்மைதான், பெட்டிக்கு ஓனர்.

ஒப்பந்தத்தில் ஏதாவது அநியாயமாகத் தெரிந்தால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது, நியாயமில்லாத நிபந்தனை உங்களைக் கட்டுப்படுத்தாது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை நிலையத்தில் பேப்பரைக் காட்டிக் கேட்கலாம், காசு கேட்கமாட்டார்கள். ஆனால் கையெழுத்து வைக்கிறதுக்கு முன்னம் போனால் நல்லது.

பெறாமகன் 500 கட்டவில்லை. லைசென்ஸின் பிரதியை ஈமெயிலில் அனுப்புங்கள், வாசித்துவிட்டு வருகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை எழுதியிருக்கிறான். இன்றைக்கு வியாழன், அது இன்னும் வரவில்லை, ஆனால் கடைசி இடம் இது ஒன்றுதான், போய்விடும் என்று இரண்டு தரம் போன் வந்துவிட்டதாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். விளம்பரம் போடாதீர்கள் என்று சொல்லவில்லை, பத்திரிகை நடத்தக் காசு வேண்டும்தான். அடுத்த முறை அவர்கள் வரும்போது, விலையைப் போட்ட அதே கொட்டை எழுத்தில் வற் சேர்த்த சைட் ஃபீஸையும் லைசென்ஸ் எந்த வருடத்தோடு முடிகிறது என்பதையும் போடச் சொல்லுங்கள். அரைப்பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது, அந்தக் கடல் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
இல்ஃபோர்ட்