பாரிசால் நதியில் ஓடிய தாகூர் வீட்டுக் கப்பல்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தூத்துக்குடிக்காரனான எனக்கு அவரைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு வரி விடாமல் படிக்கிற வழக்கம். கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் 'வெள்ளையர் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் விட்ட முதல் இந்தியர்' என்று ஒரு வரி வருகிறது. அது சரியல்ல. அவருக்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே, 1884-ல், கிழக்கு வங்காளத்து நதிகளில் அந்தப் போட்டி நடந்திருக்கிறது. நடத்தியவர் ஜோதிரிந்திரநாத் தாகூர், மகாகவி ரவீந்திரநாத்தின் அண்ணன். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கடலில் கப்பல் விட்ட பெருமை வ.உ.சி.யுடையதுதான். அதை யாரும் பங்கு கேட்க முடியாது. ஆனால் 'முதல்' என்று எழுதும்போது, தன் சொத்தையெல்லாம் நதியில் இறக்கித் தோற்ற ஒரு மனிதரை நாம் மறந்துவிடுகிறோம்.

தாகூர் குடும்பத்துக்கு நீராவிக் கப்பல் புதிதல்ல. பாட்டனார் துவாரகநாத் தாகூர் 1834-ல் ஓர் ஆங்கிலேயரோடு கூட்டுச் சேர்ந்து 'கார், தாகூர் கம்பெனி'யைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் கடலிலிருந்து கல்கத்தாவுக்கு ஹூக்ளி நதியில் ஏறி வருவது பாய்மரக் கப்பல்களுக்குப் பெரும்பாடு. மணல்திட்டு, எதிர்க்காற்று, வற்றிப் பெருகும் நீர் எல்லாம் சேர்ந்து கப்பல்களை நாள்கணக்கில் காக்கவைக்கும். அவற்றைக் கட்டி இழுத்து வர நீராவி இழுவைக் கப்பல்களை ஓட்டியது துவாரகநாத்தின் கம்பெனி. கொதிகலனுக்குக் கரி வேண்டுமே? அதற்கு 1836-ல் இராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தை வாங்கினார். சுரங்கமும் கப்பலும் ஒரே கையில்! 1842-ல் இங்கிலாந்துக்குப் போனபோது 'இந்தியா' என்ற தம் சொந்த நீராவிக் கப்பலிலேயே போனார். 1844-ல் 'இந்தியா ஜெனரல்' என்ற உள்நாட்டு நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதும் அதன் பின்னால் அவருடைய நிறுவனம் இருந்தது.

1846-ல் துவாரகநாத் லண்டனில் இறந்தார். அடுத்த இரண்டு ஆண்டுக்குள், கல்கத்தாவில் அவர் பங்குகொண்டு தொடங்கிய யூனியன் வங்கியும் அவருடைய நிறுவனமும் விழுந்தன. கடன் முழுவதும் மகன் தேவேந்திரநாத்தின் தலையில் வந்து விழுந்தது. அவர் ஓடி ஒளியாமல் வருஷக்கணக்கில் அடைத்தார். இந்தியா ஜெனரல் மட்டும் சாகவில்லை. ஆங்கிலேயர் நிர்வாகத்தில் வளர்ந்து கிழக்கு வங்கத்திலும் அசாமிலும் ஓடியது. ஆக, பேரன் நதியில் இறங்கிய காலத்தில், பாட்டன் கைவைத்துத் தொடங்கிய கம்பெனியே வெள்ளையர் கம்பெனி ஆகியிருந்தது. இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகும்.

ஜோதிரிந்திரநாத் நாடகாசிரியர், இசைக்காரர், ஓவியர். சுதேசித் தீக்குச்சி, சுதேசித் தறி என்று முன்பே முயன்று கைப்பணத்தைக் கரைத்த கூட்டத்தில் அவரும் ஒருவர். ஒரு நாள் மதியம் ஏலத்துக்குப் போனவர், 7,000 ரூபாய்க்கு ஒரு கப்பலின் வெறும் இரும்புக் கூட்டை வாங்கிவிட்டதாக வீட்டில் வந்து சொன்னார். இன்னும் எஞ்சின் பொருத்த வேண்டும், அறைகள் கட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்திருக்கிறார். நம் நாட்டவர் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள், ஒரு கப்பல் கூட விடவில்லையே என்ற ஆதங்கம் அவருக்கு.

அந்தக் கூடுதான் 'சரோஜினி'. 1884 ஏப்ரலில் அவர் மனைவி காதம்பரி தேவி உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த மாதமே கப்பல் புறப்பட்டது. 23 வயது ரவீந்திரநாத்தும் அதில் போனார், அந்தப் பயணத்தைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார்.

கிழக்கு வங்காளத்து ஊரான குல்னாவுக்கு அப்போது ரயில் வந்திருந்தது. அங்கிருந்து பாரிசாலுக்கு நீர்வழிதான். அந்த வழியில் ஃப்ளோட்டில்லா என்ற ஆங்கிலேயக் கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. ஜோதிரிந்திரநாத் பின்வாங்கவில்லை. சரோஜினியை அடுத்து பங்கலட்சுமி, சுதேசி, பாரத், லார்டு ரிப்பன் என்று ஒவ்வொன்றாக இறக்கினார். பாரிசால் இளைஞர்களுக்கு உற்சாகம் பொங்கியது. படித்துறையில் நின்று பாட்டுப் பாடினார்கள், பயணிகளைக் கெஞ்சிக் கூத்தாடி நம்மவர் கப்பலில் ஏற்றினார்கள். கூட்டம் வந்தது. பணம் வரவில்லை. போட்டியில் கட்டணம் குறைந்து குறைந்து கடைசியில் இலவசமாகவே ஆயிற்று, அதற்கு மேல் பயணிகளுக்கு இனிப்பும் கொடுத்தார்கள்! தேசபக்தி எவ்வளவு பொங்கினாலும் பெருக்கல் வாய்ப்பாடு தன் கணக்கை மறக்கவில்லை என்ற பொருளில் ரவீந்திரநாத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். கடைசியில் 'சுதேசி' ஹவுரா பாலத்தில் மோதி மூழ்கியது. அதோடு அவரால் தாங்க முடியவில்லை, தொழிலை மூடினார்.

இங்கேதான் நம் தூத்துக்குடிக் கதை நினைவுக்கு வருகிறது. இங்கே இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது, வ.உ.சி.யோடு போட்டியிட்ட பிரிட்டிஷ் இந்தியா என்ற வெள்ளையர் கப்பல் கம்பெனி. அங்கே இனிப்புக் கொடுத்தது நம்மவர். அடிக்கிற கை மாறினாலும் அடி ஒன்றுதான், கட்டணத்தைக் குறைத்து எதிராளியின் மூச்சை நிறுத்துவது. அதில் ஆழமான கஜானா உள்ளவர் மட்டுமே கடைசிவரை நிற்க முடியும். ஜோதிரிந்திரநாத்தின் கஜானா ஒரே ஒரு வீட்டின் கஜானா. பாட்டனார் பங்குதாரர்களைச் சேர்த்து நடத்திய தொழிலைப் பேரன் தன் மடிப்பணத்தில் நடத்தினார். என்னைக் கேட்டால், அவரை வீழ்த்தியது ஃப்ளோட்டில்லாவைவிட இதுதான்.

வ.உ.சி. அதைச் செய்யவில்லை. 1906 அக்டோபரில் பதிவான சுதேசிக் கம்பெனி, 25 ரூபாய்ப் பங்குகளாக 40,000 பங்கு, பத்து லட்சம் மூலதனம் என்று ஊர் ஊராகப் போய்த் திரட்டப்பட்டது. ஜமீந்தார் பாண்டித்துரைத் தேவர் போன்றோர் மட்டுமல்ல, சாதாரண வியாபாரிகளும் பங்கு வாங்கினார்கள். பாரிசால் கதை அவருக்குத் தெரிந்திருந்ததாகச் சொல்ல என்னிடம் சான்று இல்லை, அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவர் செய்த காரியத்தின் அளவு புரிகிறது. அந்தக் கம்பெனியை ஒடுக்க வெறும் கட்டணப் போட்டி போதவில்லை, 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்ய வேண்டியிருந்தது. 'முதல்' என்ற பட்டத்தைவிட இது எத்தனையோ மடங்கு பெரிய விஷயம் அல்லவா?

ஜோதிரிந்திரநாத் பிற்காலத்தில் ராஞ்சியில் ஒதுங்கி வாழ்ந்து 1925-ல் காலமானார். இப்படிப்பட்டவர்களின் முயற்சி வெள்ளம்போல் வடிந்துபோனாலும் வண்டலை விட்டுச் செல்கிறது, அறுவடை நாளில் யாரும் அவர்களை நினைப்பதில்லை என்று தம்பி எழுதினார். நம் பத்திரிகைகளிலும் அப்படியே ஆகிவிட்டது. அந்த வரியைத் திருத்தி ஒரு சிறு குறிப்பாவது அடுத்த இதழில் வெளியிடுங்கள். முடிந்தால் துவாரகநாத் தொடங்கி ஜோதிரிந்திரநாத் வரை தாகூர் வீட்டுக் கப்பல் தொழிலைப் பற்றி வங்காளம் தெரிந்த யாரையாவது ஒரு முழுக் கட்டுரை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி