டூப்ளிகேட் என்று நீங்கள் நீக்கிய பதிவுகளைத் திருப்பித் தாருங்கள்

அனுப்புநர்:
ஆய்வுக் குழுப் பொறுப்பாளர்,
மகப்பேறு மருத்துவத் துறை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சிஸ்டமேடிக் ரிவ்யூ மென்பொருளில் டூப்ளிகேட் நீக்கத்தில் உள்ள குறைபாடு தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை போதுமா, நரம்பில் ஏற்றும் அயர்ன் சுக்ரோஸ் மேலானதா என்று ஒரு சிஸ்டமேடிக் ரிவ்யூ (ஒரு கேள்வி பற்றி வெளிவந்த ஆய்வுகளை எல்லாம் முறையாகத் திரட்டி மதிப்பிடும் பணி) செய்துவருகிறோம். அதற்காகவே உங்கள் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டினோம். பப்மெட், எம்பேஸ், காக்ரேன் அமைப்பின் சென்ட்ரல் ஆகிய மூன்று மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளங்களிலும் தேடிக் கிடைத்த ஆறாயிரத்துச் சொச்சம் கட்டுரைப் பதிவுகளை ஏற்றினோம். சென்ட்ரல் மற்ற இரண்டிலிருந்தும் பதிவுகளை எடுத்துக்கொள்வதால் ஒரே கட்டுரை இரண்டு மூன்று முறை வரத்தான் செய்யும். அதைச் சரிசெய்யத்தான் உங்கள் மென்பொருள். ஆனால் ஏற்றி முடித்ததும் இத்தனை டூப்ளிகேட்கள் நீக்கப்பட்டன என்று ஓர் எண் மட்டும் திரையில் வந்தது. எது போனது, எதோடு ஒப்பிட்டு அதை நீக்கினீர்கள் என்ற விவரம் எங்கேயும் இல்லை. நீக்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆய்வு பட்டியலில் இல்லாமல் போனதால்தான் சந்தேகமே வந்தது. நாங்கள் ஏற்றிய ஆர்ஐஎஸ் கோப்பை (கட்டுரை விவரங்கள் அடங்கிய கோப்பு) எண்ட்நோட் என்ற மேற்கோள் மென்பொருளில் திறந்து பார்த்தால் அது அங்கே இருக்கிறது. அப்புறம் உங்கள் பட்டியலையும் மூலக் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். காணாமல் போனது அது ஒன்று மட்டுமல்ல.

இந்தத் துறையில் தலைப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். 'கர்ப்பகால ரத்தசோகையில் நரம்புவழி அயர்ன் சுக்ரோஸும் வாய்வழி இரும்பும்: ஓர் ஒப்பீடு' என்ற பொருளில் நாட்டின் பல கல்லூரிகளிலிருந்து கட்டுரைகள் வந்திருக்கின்றன. உங்கள் மென்பொருள் விழுங்கிய ஒரு ஜோடியில் தலைப்பும் ஆண்டும் ஒன்று, முதல் ஆசிரியரின் பெயரும் ஒன்று. ஆனால் மருத்துவமனை வேறு, இதழ் வேறு, சேர்க்கப்பட்ட பெண்கள் வேறு. இரண்டின் சுருக்கத்தையும் இரண்டு வரி படித்தால் யாருக்கும் புரிந்துவிடும். ஒரே பெயர், ஒரே இனிஷியல் என்பதற்காக ரேஷன் கார்டிலிருந்து ஒருவரை எடுத்துவிடுவதைப் போன்ற வேலை இது. தென்னிந்தியப் பெயர்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அப்பா பெயரின் முதலெழுத்து ஒரு தரவுத்தளத்தில் முன்னால் வரும், இன்னொன்றில் அதுவே குடும்பப் பெயராகிவிடும்.

மறுபக்கம், நிஜமான டூப்ளிகேட்கள் அப்படியே கிடக்கின்றன. ஒன்றில் பக்க எண் 635-40, இன்னொன்றில் 635-640. ஒன்றில் இதழின் பெயர் சுருக்கமாக, மற்றதில் முழுதாக. ஒன்றில் டிஓஐ (கட்டுரையின் அடையாளக் குறியீடு) வெறும் எண்ணாக, மற்றதில் இணைய முகவரியோடு. இவ்வளவுதான் வித்தியாசம். இப்படி விடுபட்ட ஒரு கட்டுரையின் ஒரு பிரதியை எங்கள் உறுப்பினர் ஒருவர் 'சேர்க்கலாம்' என்றும், இன்னொரு பிரதியை மற்றவர் 'வேண்டாம்' என்றும் குறித்துவிட்டார்கள். பிறகு இரண்டையும் கையால் இணைத்தபோது ஒருவரின் முடிவு அழிந்தது. மிஞ்சிய பிரதியோ சுருக்கமே இல்லாத பிரதி.

இதை ஒரு சின்னத் தொழில்நுட்பக் கோளாறாக நீங்கள் பார்க்கக்கூடாது. ஒரே நோயாளிகளின் தரவை இரண்டு முறை எண்ணினால் என்ன ஆகும் என்பதை 1997-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் டிராமெரும் அவர் குழுவினரும் காட்டினார்கள். ஆண்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்தின் ஆய்வுகளில், மீண்டும் வெளியிடப்பட்ட தரவையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அதன் பலன் 23 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. எங்களுக்கு நடந்ததோ இதற்கு நேர்மாறும் கூட: எண்ண வேண்டிய பெண்களே கணக்கில் இல்லை. இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. எந்த மருந்தை எப்படிக் கொடுப்பது என்று முடிவு செய்பவர்கள் இப்படிப்பட்ட ரிவ்யூக்களைத்தான் புரட்டுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு ஆய்வின் மாநாட்டுச் சுருக்கமும் முழுக் கட்டுரையும் டூப்ளிகேட் அல்ல. ஒரே ஆய்வின் பல அறிக்கைகளை ஒன்றோடொன்று இணைத்து வைக்கத்தான் ரிவ்யூ செய்வதற்கான காக்ரேன் கையேடு சொல்கிறது, தூக்கி எறியச் சொல்லவில்லை. முழுக் கட்டுரையில் விட்டுப்போன ஒரு விளைவு சுருக்கத்தில் இருக்கலாம். உங்கள் மென்பொருளில் இணைக்க வழியே இல்லை, நீக்க மட்டுமே வழி.

உங்கள் உதவிக் குழுவுக்கு எழுதினோம். புது ப்ராஜெக்ட் திறந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றச் சொல்லிப் பதில் வந்தது. அப்படிச் செய்தால் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துக் குறித்த முடிவுகள் அத்தனையும் போய்விடும். அந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியாது.

முதலில், எங்கள் ப்ராஜெக்டில் நீக்கப்பட்ட ஒவ்வொரு பதிவையும், அது எதன் நகல் என்று கருதப்பட்டது என்பதையும் சேர்த்துப் பட்டியலாக அனுப்புங்கள். தவறாக நீக்கியவற்றை, ஏற்கெனவே செய்த ஸ்க்ரீனிங் (சேர்ப்பதா வேண்டாமா என்ற தேர்வு) கலையாமல் உள்ளே கொண்டுவாருங்கள். அழிந்த முடிவுகளை உங்கள் பேக்கப்பிலிருந்து மீட்டுத் தாருங்கள். ரிவ்யூ அறிக்கை எழுதுவதற்கான பிரிஸ்மா 2020 நெறிமுறையின் வரைபடத்தில் ஸ்க்ரீனிங்குக்கு முன் எத்தனை டூப்ளிகேட்கள் நீக்கப்பட்டன என்று நாங்கள் எழுதியாக வேண்டும். நீங்கள் காட்டும் எண்ணை நம்பி அங்கே போட முடியாத நிலையில் இருக்கிறோம்.

மென்பொருளிலும் மாற்றம் வேண்டும். சந்தேகமான ஜோடியை அருகருகே காட்டி எங்களைக் கேளுங்கள். நீக்குவதா வேண்டாமா என்று நாங்கள் சொல்கிறோம். சரி என்று சொன்ன பிறகும் திரும்பப் பெற வழி இருக்கட்டும்.

காணாமல் போன பதிவுகளின் பட்டியல், மூல ஆர்ஐஎஸ் கோப்பு, உதவிக் குழுவின் பதில் மூன்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். மீட்டுத் தர இயலாது என்றால் சந்தாத் தொகையை முழுமையாகத் திருப்பி அனுப்பவும்.

இப்படிக்கு,
ஆய்வுக் குழுப் பொறுப்பாளர்