கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி: நாடகம் எடுப்பவர்களுக்குத் திறந்த மடல்

மலேசியத் தமிழ் நாடக இயக்குநர்களுக்கும் உடை பார்ப்பவர்களுக்கும் வணக்கம், ஸலாம்.

சுங்கை சிப்புட்டில் துடோங்கும் (தலையை மூடும் முக்காட்டுத் துணி) பாஜு கூரோங்கும் (நீளச் சட்டையும் பாவாடையும்) தைத்துக் கொடுக்கும் பெண்கள் எழுதுகிறோம்.

நீங்கள் எடுக்கும் நாடகத்தில் முஸ்லிம் வீட்டு உம்மா அடுப்படியில் தனியாக மீன் ஆயும்போதும் துடோங் போட்டிருக்கிறார். கொழுந்தன் வந்தால் வெறுந்தலையோடு தேத்தண்ணீர் நீட்டுகிறார். இரண்டும் தலைகீழ். முக்காட்டுக்குக் கணக்கு வாசற்படி அல்ல, எதிரில் நிற்கும் ஆள். கணவர், வாப்பா, மகன், கூடப்பிறந்தவர், மாமனார், தாய்மாமன், வாப்பாவின் சகோதரர் முன்னால் முடி தெரியலாம். கணவரின் தம்பியும் மாமன் மகனும் ஒரே வீட்டில் சாப்பிட்டாலும் மஹ்ரம் (முக்காடு இல்லாமல் முன்னால் வரத்தக்க நெருங்கிய உறவு) ஆக மாட்டார்கள்.

நடிகையே முஸ்லிமாக இருந்தால், கணவராக நடிப்பவர் அவருக்கு அந்நியர்தான். துடோங்கைக் கழற்றச் சொல்லாதீர்கள், காட்சியை நகர்த்துங்கள். படுக்கையறைப் பேச்சை மஃரிப் என்ற அந்தித் தொழுகை முடிந்த கையோடு வைத்தால் அவர் தொழுகை உடையான தெலகோங்கிலேயே உட்கார்ந்து பேசலாம், யாருக்கும் உறுத்தாது. தெலகோங் என்றால் மேலே ஒன்று, கீழே எலாஸ்டிக் பாவாடை ஒன்று. முகம் திறந்திருக்கும். தொழுகைக் காட்சியில் முகத்தை மூடும் நிகாப் மாட்டிவிடுவது எங்கிருந்து வந்த யோசனையோ!

மடித்து ஊசி குத்தும் துடோங் பாவாலுக்கு 45 அங்குலச் சதுரத் துணி. முதலில் பருத்தி அனாக் துடோங்கை (உள்ளே போடும் தொப்பி) போட்டு முடியை உள்ளே தள்ளுங்கள். அது இல்லாமல் வழுக்கும் துணியைக் கட்டினால் இரண்டாவது டேக்கிலேயே பின்னுக்கு நழுவி முன்முடி எட்டிப்பார்க்கும். துணியை முக்கோணமாக மடித்து, தாடைக்குக் கீழே ஓர் ஊசி. ஒரு முனையைத் தோளில் ஏற்றி இன்னோர் ஊசி. எந்தத் தோள் என்று படம் பிடித்து வையுங்கள். அடுத்த ஷாட்டில் ஊசி பக்கம் மாறிவிடுகிறது, எங்கள் கண் அங்கேதான் போகிறது. மைக்கைத் துணிக்கு அடியில் சும்மா செருகினால் உரசல் சத்தம் வசனத்தை விழுங்கும். அசையாமல் டேப் போட்டு ஒட்டுங்கள்.

வயதான நன்னிமாருக்கு (பாட்டிமாருக்கு) துடோங் வேண்டாம். சேலை முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டு, முழுக்கை ரவிக்கை கொடுங்கள், போதும். கல்யாணத்தில் கருகமணி (கருப்பு மணி மாலை) கட்டுவது வழக்கம்தான், மார்க்கக் கட்டாயம் இல்லை.

தோட்டத்து லயத்து வீட்டு முன்கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கும். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துடோங் சாருங் தொங்கவிடுங்கள். தைத்தே வருவது, ஊசி வேண்டாம். வெளியே மோட்டார் சத்தம் கேட்டதும் உம்மா எட்டி எடுத்துத் தலைவழியே இழுத்துக்கொண்டு "யாரு?" என்று கேட்கட்டும்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் தையல்காரப் பெண்கள்