கராத்தே அப்புறம், மொதல்ல கேட்டைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கத்துல சாட்ஸ்வொர்த்ல இருக்கேன், சொந்த ஊர் திண்டுக்கல், கல்யாணமாகி இங்க வந்து செட்டில் ஆனவ, உங்க பேப்பரை போன்லதான் படிக்கிறது. ஞாயித்துக்கிழமை இணைப்புல பெண்கள் தற்காப்புன்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. கையைப் புடிச்சா எப்படி முறுக்கணும், முட்டியால எங்க இடிக்கணும், ஹேண்ட்பேக்ல மிளகாய்ப்பொடி, எல்லாம் படத்தோட. படிக்க ஜோராத்தான் இருந்துச்சு, ஆனா அத்தனையும் அவன் வந்து கையைப் புடிச்சதுக்கு அப்புறம் நடக்குற கதை. புடிக்கிறதுக்கு முன்னாடி இருக்கே அந்த ஒரு நிமிஷம், அதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. அதான் எழுதுறேன்.

இந்த நாட்டு நிலவரம் அங்க நிறைய பேருக்குத் தெரியாது. ஜனத்தொகை ஆறு கோடி சொச்சம், நம்ம தமிழ்நாட்டை விடக் கம்மி, ஆனா 2022-23ல மட்டும் 27,000க்கு மேல கொலை. தமிழ்நாட்டுல வருஷத்துக்கு 2,000 கூட வராது, ஒப்பிட்டுப் பாத்துக்கோங்க. துப்பாக்கியைக் காட்டி காரைப் புடுங்குறது, இங்க ஹைஜாக்னு சொல்வாங்க, அதே வருஷம் 20,000க்கு மேல. இதுல ஒண்ணு சொல்லியே ஆகணும், நம்ம ஆளுங்க சிலர் என்னவோ இந்தியர்களை மட்டும்தான் குறி வச்சு அடிக்கிறாங்கன்னு பேசுவாங்க, அது சுத்தப் பொய், அதிகமா சாகுறது இனாண்டா, உம்லாசி மாதிரி இடத்துல இருக்கிற ஏழை ஜனங்கதான்.

இப்படி ஒரு ஊர்ல இருக்கிறவங்க தற்காப்புன்னா என்ன நெனைக்கிறாங்கன்னு கேளுங்க, யாரும் மொதல்ல குத்து உதை பத்தி பேச மாட்டாங்க. கேட் பத்திதான் பேசுவாங்க. வீட்டு வாசல்லதான் நிறைய ஹைஜாக் நடக்குது, ஏன்னா நம்ம வண்டியை கேட்டுக்கு நேரா மூக்கை முட்டிட்டு நிறுத்தி ரிமோட்டை அமுக்கிட்டு காத்திட்டிருப்போம், பின்னாடி ஒரு கார் வந்து நின்னா முடிஞ்சுது, முன்னாடியும் போக முடியாது பின்னாடியும் போக முடியாது. அதனால எனக்கு இங்க வண்டி ஓட்டக் கத்துக்குடுத்த பக்கத்து வீட்டு ஆன்ட்டி (அவங்க தாத்தாவோட அப்பா கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர், அவங்களுக்குத் தெரிஞ்ச தமிழ் சாமி பாட்டும் சமையல் பேரும்தான்) மொத பாடமே இதைத்தான் சொன்னாங்க: ரோட்டுலயே நில்லு, கேட் முழுசா தொறந்ததும் உள்ள போ, கேட் மூடுற வரைக்கும் இன்ஜினை ஆஃப் பண்ணாத, கண்ணாடியில பின்னாடி பாத்துட்டே இரு. வீட்டுக்கு ரெண்டு தெரு முன்னாடியே பாட்டைக் கம்மி பண்ணிட்டு, பின்னாடி அதே லைட்டு வருதான்னு பாக்கணும். வந்தா வீட்டைத் தாண்டிப் போயிட்டே இருக்கணும், ஒரு சுத்து சுத்தணும், அப்பவும் வந்தா நேரா போலீஸ் ஸ்டேஷன். கரன்ட் கட்டு தலைவிரிச்சு ஆடின 2023ல கேட் மோட்டாரோட பேட்டரி செத்துப்போயி, இறங்கி கையால தள்ள வேண்டி வந்தது பாருங்க, அப்பதான் இந்த கேட்டோட அருமை எல்லாருக்கும் புரிஞ்சுது.

மால் பார்க்கிங்ல இன்னொரு வேலை பண்றாங்க, நம்ம ரிமோட் சிக்னலையே ஜாம் பண்ணிடுவாங்க, நம்ம பட்டனை அமுக்கிட்டு லாக் ஆயிடுச்சுன்னு போயிடுவோம், கார் தொறந்தே கெடக்கும். கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டுப் போனா போதும். சிக்னல்ல நிக்கும்போது முன்னாடி வண்டியோட பின் டயர் ரோட்டுல படுற இடம் கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு இடம் விடணும், அப்பதான் ஸ்டியரிங்கை ஒடிச்சு வெளிய வர முடியும். ஹேண்ட்பேக் சீட்ல இருக்கவே கூடாது, கண்ணாடியை உடைச்சு எடுத்துட்டு ஓடிடுவான்.

இவ்வளவு பாத்தும் ஒருத்தன் துப்பாக்கியோட வந்து நின்னுட்டான்னா? குடுத்துடணும். சாவி, போன், செயின், எதுவா இருந்தாலும். ரெண்டு கையும் அவன் கண்ணுக்குத் தெரியணும், சீட் பெல்ட்டைக் கழட்டப் போறேன்னு வாயால சொல்லிட்டு மெதுவா கழட்டணும், மூஞ்சை உத்துப் பாக்கக் கூடாது. பயந்துபோயி நிக்கிறது நம்ம மட்டும் இல்ல, அவனும்தான், நம்ம கை சட்டுனு கீழ போனா துப்பாக்கி எடுக்கிறோம்னு நெனைச்சு சுட்டுடுவான். பின் சீட்ல பிள்ளை இருந்தா அதைச் சத்தமா சொல்லணும், இங்க சின்னப் பிள்ளை வச்சிருக்கிற தமிழ் அம்மாங்க பல பேருக்கு 'இங்கானே யாமி'ன்னு இந்த ஊர் ஜூலு பாஷைல சொல்லத் தெரியும், என் பிள்ளைன்னு அர்த்தம். உங்க பேப்பர் படத்துல இருந்த மாதிரி மணிக்கட்டை முறுக்குறதெல்லாம் இந்த எடத்துல செஞ்சா பொணம்தான் மிஞ்சும். தாலியா இருந்தாலும் அப்படித்தான், என் மாமியாருக்கு இதைச் சொன்னா கோவம் வரும், ஆனா குட் ஃப்ரைடேக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு கூட்டத்துல போகும்போது பல பேர் தாலியை ஜாக்கெட்டுக்குள்ள விட்டு பின் குத்திட்டுத்தான் போறாங்க, கல்யாணத்துக்குன்னா நகையை மண்டபத்துக்குள்ள போயிதான் போடுறாங்க.

ஆனா பொருளைக் கேக்குறவன் வேற, ஆளைக் கேக்குறவன் வேற. வண்டியில ஏறு, அந்தப் பக்கம் வான்னு கூட்டிட்டுப் போகப் பாத்தா, அப்ப கத்தலாம், கடிக்கலாம், கண்ணுல குத்தலாம், சாவியைத் தூக்கி ஒரு பக்கம் எறிஞ்சுட்டு இன்னொரு பக்கம் ஓடலாம். ஆளில்லாத எடத்துக்குப் போயிட்டா நம்ம கையில இருக்கிறது இன்னும் கொறைஞ்சுடும். அப்பவும் ஜெயிப்போம்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது. உங்க கட்டுரையில இருந்த உதையெல்லாம் இந்த எடத்துக்குத்தான், அதுவும் ஓடுறதுக்கு ரெண்டு செகண்ட் சம்பாதிக்க மட்டும், நின்னு சண்டை போட இல்ல. மிளகாய்ப்பொடி காத்தடிச்சா நம்ம கண்ணுலதான் விழும். பெப்பர் ஸ்ப்ரே பரவால்ல, ஆனா கேன்ல எக்ஸ்பைரி தேதி இருக்கு, ஹேண்ட்பேக் அடியில கெடந்தா பிரயோஜனம் இல்ல, மூடின காருக்குள்ள அடிச்சா நமக்கும் சேத்துத்தான்.

துப்பாக்கி வாங்கலாமேன்னு கேப்பீங்க. 2000த்துல வந்த சட்டப்படி 21 வயசு ஆகணும், டெஸ்ட் பாஸ் பண்ணணும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை லைசென்ஸ் புதுப்பிக்கணும், எங்க தெருவுலயே வச்சிருக்காங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. வீட்டுல துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சா அதைத் திருடவே வர்றான். 2021 ஜூலைல இங்க கலவரம், கொள்ளை, மொத்தம் 350 பேருக்கு மேல செத்தாங்க, அப்ப பக்கத்துல ஃபீனிக்ஸ்ல நம்ம ஜனங்க தெருமுனையில தடுப்பு போட்டு காவல் நின்னாங்க, போலீஸே வரல, பயம் நியாயமான பயம்தான், ஆனா அந்த ஏரியாவுல 36 பேர் செத்தாங்க, அதுல பெரும்பாலானவங்க கறுப்பர்கள், கொள்ளையில சம்பந்தமே இல்லாம ரோட்டுல போனவங்களும் உண்டு. அதையும் தற்காப்புன்னு சொல்றவங்க இருக்காங்க. நான் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு, உங்க படத்துல எல்லாம் இருட்டு சந்துல முகமூடி போட்டவன்தான் வர்றான். பொம்பளைங்களை அடிக்கிறவன்ல எத்தனை பேர் வீட்டுக்குள்ளயே இருக்கான்னு இங்கயும் தெரியும் அங்கயும் தெரியும். புருஷன் அடிக்கிற வீட்டுல கேட்டும் உதவாது, அலாரமும் உதவாது. இங்க மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், அங்க 2005ல வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கு, 181க்கு போன் பண்ணலாம், அந்த நம்பரையாவது பக்கத்து ஓரத்துல பெரிசா போட்டிருக்கலாம்.

ரெண்டாம் பாகம் வருதுன்னு போட்டிருக்கீங்க. அதுல ஒரு வக்கீலை வச்சு பாரதிய நியாய சன்ஹிதாவுல (பழைய ஐ.பி.சி.க்கு பதிலா வந்த குற்றவியல் சட்டம்) 34லேருந்து 44 வரைக்கும் இருக்கிற பிரிவுகளை வெளக்க வைங்க, தற்காப்புக்கு எவ்வளவு தூரம் அடிக்கலாம், ஓடுறவனைத் தொரத்திப் போயி அடிச்சா அது என்ன ஆகும்னு. திண்டுக்கல்ல இருக்கிற என் தம்பிக்கு அது ரொம்ப அவசியம், செயின் திருடன் ஒருத்தனை கம்பத்துல கட்டி வச்சு அடிச்ச வீடியோவை பெருமையா எனக்கு அனுப்பியிருக்கான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்.