இடது பக்க ஜன்னல்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகளுக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம். நீ அனுப்பின மாதிரி இதழ் செவ்வாய்க்கிழமை இரவு கிடைத்தது. அன்றிரவே கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்த பிறகும் நித்திரை வரவில்லை, பிள்ளை. ஊர் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத் தமிழில் ஒரு பயண இதழ், அதுவும் காசில்லாமல், கையிலிருக்கும் போனிலேயே வாசிக்கலாம். முதல் இதழே எங்களுடைய கொழும்பைப் பற்றி. இதை என் மகள் செய்கிறாள் என்று நினைக்க நினைக்க மனம் நிறைந்துபோயிற்று. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி வரப்போவதில் பாதி திருத்தங்கள்.

"எழுத்துப் பிழை ஏதும் இருந்தால் சொல்லுங்கோ அம்மா" என்று மட்டும்தான் நீ கேட்டிருந்தாய். இருபத்தேழு வருடம் பத்திரிகையில் ஒப்புநோக்கினவள் நான். எழுத்தை மட்டும் பார்த்து விட்டுவிட என்னால் முடியாது. வியாழக்கிழமை காலை குடையையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு, நீங்கள் போட்டிருக்கும் கொழும்பு நடைவழியை முதல் வரியிலிருந்து அப்படியே போய்ப் பார்த்தேன்.

முதல் வரியே பிழை. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போங்கள், வலது பக்க ஜன்னலோரம் இருந்தால் வழியெல்லாம் கடல் என்று எழுதியிருக்கிறது. நான் வலது பக்கம்தான் இருந்தேன். மெரைன் டிரைவில் போகிற வாகனங்களும் மாடி வீடுகளின் பல்கனிகளில் காயப்போட்ட உடுப்புகளும்தான் தெரிந்தன. கடல் முழுவதும் மறுபக்கத்தில். பம்பலப்பிட்டியில் ஒருவர் இறங்க, இடது பக்கத்துக்கு மாறினேன். அலை வந்து பாறையில் அடித்து ஜன்னல் கம்பியில் உப்புத் துளி படிகிறது. அந்த ஐந்து நிமிடத்துக்காகவே ஒருவர் இந்த ரயிலில் ஏறலாம். எழுதின பிள்ளை கோட்டையிலிருந்து காலிக்குப் போன நினைவில் எழுதியிருக்க வேண்டும். அந்தத் திசைக்கு வலது பக்கம் சரி. 'வழியெல்லாம்' என்பதும் சரியில்லை. கொள்ளுப்பிட்டி தாண்டியதும் ரயில் கடலை விட்டு உள்ளே திரும்பி, பேரை வாவிப் பக்கமாகக் கொம்பனித்தெருவுக்குப் போய்விடும்.

வலதோ இடதோ, அதற்கு ஒரு கடிதமா என்று உன் சிநேகிதர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்கு நான் இதுவரை உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். வாரப் பதிப்பில் மலைநாட்டுப் பயணம் பற்றி ஒரு பக்கம். அதில் கோட்டையிலிருந்து புறப்படும் காலை ரயிலின் நேரம், 5 இருக்க வேண்டிய இடத்தில் 6 என்று விழுந்திருந்தது. புரூப் பார்த்தவள் நான். கட்டுரையின் சந்தியெல்லாம் திருத்தினேன், ஒற்றெழுத்துப் போட்டேன், அந்த 6 ஐ மட்டும் கடந்துபோனேன். பத்து நாள் கழித்து ஒரு தபாலட்டை வந்தது. அட்டனில் மகன் வீட்டுக்குப் போக, உங்கள் பத்திரிகையைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு, நடக்க மாட்டாத மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தேன், ரயில் போய்விட்டது, மத்தியானம் வரை வாங்கிலில் இருந்தோம் என்று நீல மையில் எழுதியிருந்தார். ஏச்சுப் பேச்சு ஒன்றுமில்லை. கடைசி வரியில், "அடுத்த முறை சரியாகப் போடவும்" என்று மட்டும். அந்த அட்டையை ஓய்வு பெறும் வரைக்கும் என் மேசை லாச்சியில் வைத்திருந்தேன்.

உங்கள் இதழுக்கு வாசகர் காசு தரப்போவதில்லை, உண்மைதான். ஆனால் உங்கள் சொல்லை நம்பி ஒரு லீவு நாளைத் தருவார், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெயிலில் நடப்பார். கடையில் வாங்கின புத்தகம் பிழை என்றால் கடைக்காரனிடமாவது கேட்கலாம். இலவசமாகத் தந்ததற்கு யாரிடம் போய்க் கேட்பது? அதனால் நீங்கள் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. யார் எழுதினாலும் எந்த மாதம் போனார்கள் என்பதைக் கட்டுரையின் தலையிலேயே போடுங்கள். பஸ் கட்டணமும் திறக்கும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கிறவை. தேதி இருந்தால் வாசிக்கிறவரே கணக்குப் பார்த்துக்கொள்வார்.

சரி, நடைக்கு வருகிறேன்.

கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோவிலைச் சோழர் காலத்துக் கோவில் என்று எழுதியிருக்கிறார்கள். இது சின்னப் பிழை இல்லை. கருங்கல் தூணையும் உள்ளே இருக்கிற அரை இருட்டையும் பார்த்தால் ஆயிரம் வருடம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தக் கோவிலை 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டினவர் பொன்னம்பல முதலியார். அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 க்குப் பிறகு அதைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்தார். உண்மைக் கதை சோழர் கதையை விடச் சுவையானது, பிள்ளை. ஆங்கிலேயர் ஆட்சியில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், சீமெந்துக் காலம் தொடங்கின பிறகு, ஒரு மனிதர் பழைய முறையில் கல்லால்தான் கட்டுவேன் என்று நின்றிருக்கிறார். நான் போன நேரம் ஒரு ஆச்சி தூணில் கையை வைத்துக்கொண்டு நின்றார். வெளியே தார் ரோட்டில் கால் வைக்க முடியாத வெயில், உள்ளே அந்தத் தூண் பானைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தது. நானும் கையை வைத்துப் பார்த்தேன். இதை எழுதச் சொல்லு அந்தப் பிள்ளையிடம்.

அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் அந்தோனியார் கோவில். அதற்குப் படம் எடுக்க ஏற்ற இடம் என்று ஒரே வரி. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் அங்கே குண்டு வெடித்து என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும். நீ அன்று ரொறன்ரோவிலிருந்து எத்தனை தடவை போன் எடுத்தாய் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. நீட்டி எழுத வேண்டாம், ஆனால் சொல்லாமல் விடக்கூடாது. செவ்வாய்க்கிழமைகளில் சைவர்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும்கூட அங்கே மெழுகுதிரி கொளுத்த வருவார்கள் என்பதையும் எழுதுங்கள். போகிறவர் கமராவைப் பையில் வைத்துவிட்டு ஒரு மெழுகுதிரி வாங்கட்டும்.

இரண்டாம் குறுக்குத்தெருச் சிவப்புப் பள்ளிவாசல் பற்றிய பக்கம் நன்றாக வந்திருக்கிறது. 1908 இல் தொடங்கி 1909 இல் முடிந்த கட்டடம் என்ற விவரம் சரி. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரம், அப்போது பார்வையிடப் போக வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஊர்ப் பெயர்கள் பற்றி நீயே எழுதின பக்கம். அதை இரண்டு பக்கமாக்கினால்கூட நான் வாசிப்பேன். நாங்கள் புறக்கோட்டை என்கிறோம், சிங்களத்தில் பிட்டகொட்டுவ, இரண்டும் கோட்டைக்கு வெளியே என்ற ஒரே பொருள். ஆங்கிலத்தில் மட்டும் பெட்டா, அது எங்கள் பேட்டையிலிருந்து போன சொல். கொம்பனித்தெருவையும் சேர்த்துக்கொள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி தன் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடம் என்பதால் ஆங்கிலேயர் அதை அடிமைத் தீவு என்றார்கள். நாங்கள் கொம்பனியின் பெயரை வைத்துக்கொண்டோம். அந்த நிலையத்தில் தினமும் ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இப்படி ஒன்றைச் சொல்லிக் கொடுத்தால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட உங்கள் இதழை எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

மொரோக்கோப் பயணி இபுன் பதூதா 1344 இல் கொழும்புக்கு வந்ததைப் போட்டது நல்லது. அவர் புத்தளப் பக்கத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும், அந்தத் தமிழ் அரசர் பாரசீக மொழி விளங்கிக்கொண்டு இவருடைய பயணக் கதைகளை ஆசையோடு கேட்டதையும் ஏன் விட்டாய்? அதைவிட வேறு என்ன கதை வேண்டும் உங்கள் இதழுக்கு. ஆனால் ஒன்று. அவர் ஊர் திரும்பிப் பல வருடம் கழித்து வாயால் சொல்ல, இன்னொருவர் எழுதினதுதான் அந்த நூல். எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். உங்கள் எழுத்தாளர்கள் ஆளுக்கொரு சின்னக் கொப்பி வைத்திருந்து, நின்ற இடத்திலேயே எழுதிக்கொள்ளட்டும். அப்படிச் செய்திருந்தால் கடல் பக்கம் மாறியிருக்காது.

அப்புறம் அந்த ஹோட்டல் விஷயம். இரண்டு இரவு சும்மா தங்க விடுகிறார்கள், பதிலுக்கு ஒரு பக்கம் எழுதலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், மகள். சும்மா கிடைத்த அறையில் தண்ணீர் வராவிட்டாலும் எழுதக் கை கூசும். நாளைக்கு இணையச் செலவுக்கு விளம்பரம் வாங்க வேண்டி வந்தால் வாங்குங்கள், விளம்பரம் என்று மேலே எழுதிப் போடுங்கள். கட்டுரைக்குள் அது வர வேண்டாம். இந்த வருடச் செலவுக்கு அப்பா ஏதோ ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொல்கிறார். மறுக்காதே.

தாளில் அச்சடிக்கவில்லையே என்று நீ கவலைப்பட்டாய். தாள் மணத்தில் வாழ்ந்தவள் நான், எனக்கு அந்தக் கவலை இல்லை. 2022 மார்ச்சில் டொலர் இல்லாமல் தாள் இறக்குமதி நின்று, மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சைகளையே தள்ளிப்போட்டார்களே. பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்ததை இங்கே இருந்து பார்த்தேன். தாளை நம்பியிருந்தால் உங்கள் இதழ் பிறந்தே இராது.

ஆனால் போனில் வாசிக்கிறவரை நினைத்துச் செய்யுங்கள். நீ அனுப்பினது பெரிய பிடிஎஃப். ஒரு பத்தியை வாசிக்க விரலால் விரித்து, இடப்பக்கம் தள்ளி, வலப்பக்கம் தள்ளி, கை நொந்துவிட்டது. திரைக்குத் தக்கபடி எழுத்து தானாக மடங்கி வருகிற மாதிரியும் ஒன்று செய்யுங்கள். படங்களின் பாரத்தைக் குறையுங்கள், டேட்டா போட்டுப் பார்க்கிற பிள்ளைகள்தான் இங்கே கூட. நாலாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும் பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவில் வந்திருக்கின்றன. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் வெட்டி ஒட்டினால் ஆங்கில எழுத்தாகச் சிதறுகிறது, தேடினால் அகப்படாது. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றின பிறகு இன்னொரு முறை ஒப்புநோக்க வேண்டும். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிப்போகும், பார்த்திருக்கிறேன்.

இதை எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? பெரியம்மாவுக்கு இப்போது பார்வை நன்றாக மங்கிவிட்டது. போன்தான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறது. உன் இதழை வெள்ளிக்கிழமை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டுவிட்டேன். மூன்றாம் பக்கம் வரை தமிழில் அழகாகச் சொல்லிக்கொண்டு போன குரல், நாலாம் பக்கத்தில் என்னென்னவோ ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக உச்சரிக்கத் தொடங்கியது. "ஏன் நிண்டிட்டுது? செட்டியார் தெரு வரைக்கும் வந்திட்டமே" என்று கேட்டார். அவர் அந்தத் தெருவுக்குப் போய்ப் பத்து வருடமாவது இருக்கும். ஆடிவேல் திருவிழாவுக்குத் தேர் பார்க்க நின்ற கடை வாசலைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தார்.

உனக்கு நினைவிருக்கும், நீ சின்னப் பிள்ளையாக இருந்த யுத்த காலத்தில் பயணம் என்றால் எங்களுக்கு அடையாள அட்டை, பாஸ், செக்பொயின்ற். 1990 ஜூனுக்குப் பிறகு யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் போகவில்லை. சும்மா பார்க்கப் போவோம் என்று யாரும் எங்கேயும் போனதில்லை. 2014 ஒக்டோபரில் திரும்ப ஓடத் தொடங்கின பிறகு அப்பாவும் நானும் போனோம். யுத்தத்தில் பெரிய சண்டைகள் நடந்த ஆனையிறவில் அப்பா எழும்பி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெறும் உப்பளமும் தண்ணீரும்தான். ஒன்றும் கதைக்கவில்லை. இரண்டாம் இதழில் அந்த ரயிலைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்றால் அவரிடம் கேள். உன்னிடம் சொல்லுவார் என்று நினைக்கிறேன்.

திருத்தின பக்கங்களை இத்துடன் படமெடுத்து அனுப்புகிறேன். சிவப்புப் பேனா அப்பாவுடையது, பச்சை என்னுடையது. செவ்வாய்க்கிழமை திரும்பவும் கொச்சிக்கடைக்குப் போய், கோவில் மத்தியானம் எத்தனை மணிக்கு நடை சாத்துகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வருகிறேன். நீங்கள் போட்டிருக்கும் நேரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதுவரைக்கும் வெளியிட வேண்டாம். நாலாம் பக்கத்தை மாத்திரம் கெதியாக மாற்றி அனுப்பு, பெரியம்மா மிச்சத்தைக் கேட்கக் காத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா